பென்ஃபோல்ட் உட்கார்ந்த தூணடி

1977 செப்டம்பர் 6
தலைநகர்த் தீவு தராவாவிலிருந்து தந்தி. லண்டனின் நிதியுதவி அதிகாரி வியாழக்கிழமை கப்பலில் வருகிறார். ஆறு மணி நேரம்தான் இருப்பாராம். தீவு அலுவலகத்தில் எழுத்தர் நான் என்பதால் மொழிபெயர்ப்பும் என் தலையில்.

ஆஸ்பத்திரிக்கு மழைநீர்த் தொட்டி கேட்டு மூன்று வருடமாக எழுதுகிறேன். கிணற்றுத் தண்ணீர் உப்பு, அழுக்கு. போன வருடம் தேரியா அக்காவின் குழந்தை கழிச்சலில் போனது அதனால்தான். இப்போது மறுபடியும் அவளுக்கு ஆறு மாதம். இந்தத் தடவை விடப்போவதில்லை.

செப்டம்பர் 7
பரனிகோ மாமா கேட்டார்: "அழுது கேப்பியா, அதட்டிக் கேப்பியா?" தெரியவில்லை.

செப்டம்பர் 8
லண்டன் அதிகாரியின் பெயர் பென்ஃபோல்ட்.

வெயிலில் வெந்து வந்து சேர்ந்தார். ஊர்க்கூடத்தின் நடுவில் விருந்தாளிக்கென்று பாய் விரித்திருந்தோம். அவரோ முதுகு சாய்க்க இடம் தேடி, நேராக எங்கள் குடும்பத்துத் தூணடியில் போய் உட்கார்ந்துவிட்டார். இங்கே வீட்டுக்கு ஒரு தூணடி. அடுத்தவர் இடத்தில் குழந்தைகூட உட்காராது. எழுப்பினால் அதைவிட அவமானம். மாமா இளநீரை நீட்டி, "உட்காந்துட்டாருல்ல, இனிமே நம்ம வீட்டு ஆளு" என்றார். சிரிப்பு அடங்க நேரமானது.

அப்புறம் பேச்சு. மிச்சமிருக்கும் சின்னத் தீவுகளையும் சீக்கிரம் சொந்தக் காலில் நிற்க விடுவதுதான் லண்டனின் கொள்கையாம். விடுதலை நெருங்கிவிட்டதால் புது வேலை எதுவும் கிடையாதாம். "தொட்டிய நாளைக்கு உங்க அரசாங்கமே கட்டிக்கும்மா." பட்டியலில் எங்கள் தீவின் பெயர்மேல் கோடு போட்டிருந்ததை நானே பார்த்தேன். விடுதலை வரட்டும், வேண்டாமென்றா சொன்னோம்? அதுவரை அக்கா பிள்ளை பெறாமல் இருப்பாளா?

மொழிபெயர்ப்பை நிறுத்தினேன்.

"ஐயா, இப்ப நான் எழுத்தரா பேசல. எங்க இடத்துல உட்காந்திருக்கீங்க, அதனால எங்க சொந்தம். சொந்தக்காரங்க வாய்விட்டுக் கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாது. அப்படிக் கேக்குறதத்தான் புபூதின்னு சொல்லுவோம். எனக்கு ஒரு தொட்டி வேணும்."

"முடியாதுன்னு சொன்னா?"

"இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. என்ன ஆகும்னு எனக்கே தெரியாது."

கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, "சொந்தம்னா நானும் கேக்கலாம்ல?" என்றார். சிமெண்டும் கம்பியும் மட்டுமென்றால் லண்டனைக் கேட்காமல் அவரே கையெழுத்துப் போடலாமாம். கூலிக்குத்தான் வழியில்லை. "அப்ப எனக்கு உங்க எல்லார் உழைப்பும் வேணும். சும்மா."

மாமா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "மாட்டிவிட்டுட்டாண்டி, நெசமாவே நம்மாளுதான்." யாரால் மறுக்க முடியும்? கோடு போட்ட பெயரைப் பென்ஃபோல்ட் மறுபடி எழுதியதை எட்டிப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன்.

அக்டோபர் 20
சிமெண்ட் வந்தது. துறையே இல்லாத கரையில் படகு முட்டி நான்கு மூட்டை கடலுக்கு. மாமா கடலைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

நவம்பர் 26
தொட்டி முடிந்தது. ஊரில் ஒருவர் கையிலும் தோல் மிச்சமில்லை.

டிசம்பர் 11
அக்காவுக்குப் பெண். தொட்டியில் இடுப்பளவு மழைத்தண்ணீர். அதை மொண்டுதான் குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். வெட்கமில்லாமல் அழுதேன்.

1979 ஜூலை 12
கொடி ஏறியது. எங்கள் கொடி. தொண்டை கட்டும்வரை பாடினேன். அக்கா மகள் என் தோள்மேல். உப்புக் கிணற்றுத் தண்ணீர் எப்படியிருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 2
விடுதலைக்குப் பிறகும் உதவி உண்டாம். லண்டனிலிருந்து புது அதிகாரி வந்தார். பென்ஃபோல்ட் எதையோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்; வாசலிலேயே தயங்கி நின்று, "நான் எங்க உட்காரணும்?" என்று என்னைக் கேட்டார்.

விருந்தாளிப் பாய் நடுவில் காலியாகத்தான் கிடந்தது.

எங்கள் தூணடியைக் காட்டினேன்.

மாமா காதருகே குனிந்தார். "இப்ப என்னடி கேக்கப் போற?"

"படகுத்துறை" என்றேன்.