மூன்றாவது வரிசை, ஏழாவது பெட்டி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அவர் கேட்கக் கூடாத விஷயம் என்பதால் கடிதம்.

முதலில் நல்ல சேதி. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை இடித்ததிலிருந்து கொடியில் போட்ட துணி வெள்ளையாகவே காய்கிறது. எதிர்வீட்டு டெய்லரின் மகளுக்கு இளைப்பு நின்றுவிட்டது. பகலில் சூரிய மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ராத்திரி கொடுக்கிற உன் கம்பெனிப் பெட்டிகள் வந்த பிறகு கரண்ட் போவதே இல்லை. அந்தப் பெட்டிகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் உன் மேல்தான்.

வெந்துபோன அப்பாவின் கைகளில் டாக்டர் ஒட்டிய தோல் பிடித்துவிட்டது. விரல்கள் மடங்கவில்லை. நான்தான் ஊட்டிவிடுகிறேன். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டால் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கண் போனவருக்கு எந்தப் பக்கம் திரும்பினால் என்ன.

இருபத்தாறு வருஷம் நிலக்கரி யார்டில் இருந்தவர். குவியல் உள்ளுக்குள் புகைந்தால் உள்ளங்கையை வைத்தே இடத்தைச் சொல்வார். அங்கே கிளறித் திறந்து, பரப்பி, ஆறவிடுவார்கள். நிலையத்தை மூடியதும் அதே இடத்தில் பேட்டரிப் பெட்டிகளுக்குக் காவல் வேலை வாங்கிக் கொடுத்தது நீ. எனக்கு இதெல்லாம் புரியாது என்று அவர் பின்வாங்கியபோது நீ போனில் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"அதுவும் உங்க நிலக்கரிக் குவியல் மாதிரிதான்பா. சூடு ஏறாம பாத்துக்கிட்டா போதும்."

அன்றைக்கு அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

விபத்தன்று மத்தியானம் மூன்றாவது வரிசை, ஏழாவது பெட்டியில் புகை கசிந்திருக்கிறது. ஓடிப்போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறார். ஆறட்டும் என்று கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே அடைந்து கிடந்த வாயு, காற்று பட்டதும் வெடித்தது. குவியலுக்குச் செய்வதைத்தான் அவர் அதற்கும் செய்தார்.

விசாரணைக்கு வந்தவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, திறக்கலாம் என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை, நானேதான் செய்தேன் என்றார். நீ போனில் சொன்னதைச் சொல்ல நான் வாயெடுத்தேன். கட்டுப் போட்ட கையால் என்னைத் தட்டி நிறுத்திவிட்டார்.

நேற்று கம்பெனி அறிக்கை தபாலில் வந்தது. படிக்கச் சொன்னார். உரிய பயிற்சி அளிக்கப்பட்டது என்று போட்டிருந்தது. தொப்பியும் பூட்ஸும் கொடுத்தது உண்மைதான். காவலாளி தன்னிச்சையாக நடந்துகொண்டதே விபத்துக்கு ஒரே காரணம் என்றும் போட்டிருந்தது. முழுவதையும் அசையாமல் கேட்டவர், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நம்ம பையன் பேரு எங்கயும் வரலையே?"

வரவில்லை என்றேன். அப்பாடா என்று சாய்ந்து படுத்தார். இத்தனை நாளில் நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினார்.

அந்தக் கடைசிப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பாதுகாப்புப் பிரிவு என்று அச்சடித்திருக்கிற இடத்தில் உன் கையெழுத்து. சின்ன வயதில் ரிப்போர்ட் கார்டில் அப்பா போடுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கையெழுத்து. கடைசிச் சுழி அப்படியே அவருடையதுதான்.

ஒரு தடவை வந்துவிட்டுப் போ. மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் உடனே மன்னித்துவிடுவார், அந்தக் கண்றாவியை என்னால் பார்க்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் ஊட்டு, போதும். உன் முகத்தைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று தினமும் சொல்கிறார். உள்ளங்கையில் இனி சூடும் தெரியாது, ஈரமும் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது உன் அதிர்ஷ்டம்.

நீ நூறு வயது இருக்க வேண்டும். கடைசி நாள் வரை உன் கண் நன்றாகத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா