முதுகு தேய்க்க ஒரு கை

அன்புள்ள உம்மாவுக்கு ஸலாம். மூட்டு வலி குறைந்ததா? நான் நலம்.

வெள்ளிக்கிழமை இங்கே தாஞ்சியர் நகரத்து ஹம்மாமில், பெண்கள் சேர்ந்து குளிக்கும் பொதுக் குளியல் கூடத்தில், ஒரு வேடிக்கை. என் முதுகுச் சொரியாசிஸைப் பார்த்ததும் பக்கத்துப் பெண்கள் வாளியோடு நகர்ந்தார்கள்.

"ஒட்டாதுங்க, தோல் அவசரமா வளருது, அவ்வளவுதான்," என்றேன். எல்லாம் யூடியூப் படிப்பு.

பத்தூல் என்ற அக்கா முரட்டுக் கையுறையோடு வந்தார். "திரும்புடி, உரிச்சு எடுத்துடறேன்."

"ஐயோ அக்கா, தேய்ச்சா இன்னும் கூடும்."

"சரிங்க டாக்டரம்மா," என்று கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையால் சோப்புப் போட்டுவிட்டார்.

தோலின் மேல்பக்கம் மாதாமாதம் புதிதாகுமாம். நீங்கள் கடைசியாகத் தேய்த்துவிட்ட தோல் எப்போதோ உதிர்ந்திருக்கும். இது உங்கள் கை படாத முதுகு.

ஆலிவ் சோப்பு அனுப்புங்கள், நீங்கள் பாதி தேய்த்த கட்டியாகவே. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

கிஸ்லான்