அசையுதான்னு மட்டும் சொல்லு

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன், உன் அப்பா தன் வீம்போடு சுகமாக இருக்கிறார், அங்கே நீயும் உன் பங்கு வீம்போடு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், ஒரே பக்கத்தை இருபது நிமிஷம் படிக்கிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி நான் எப்படிப் பேசுவது. நீயும் "வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க" என்று கேட்கிறாய். வீட்டில் எல்லாரும் என்றால் யாரப்பா? என்னைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் ஒரே ஒரு ஆள். அந்த ஆளை வாய் நிறைய அப்பா என்று சொல்லி விசாரித்தால் உன் நாக்கில் கொப்புளமா வந்துவிடும்? சரி, அது கிடக்கட்டும், சேதிக்கு வருகிறேன். உன் ஜெட் விமானம் போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் பறந்தது. ஒன்பதே காலுக்கே விழுந்தும்விட்டது.

பதறாதே, முழுக்கக் கேள். உன் அப்பா ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. பம்பு தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவன் செய்த சாமானில் குறை கண்டுபிடித்துச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்ட மனுஷனுக்கு, வீட்டுக்கு வந்ததும் குறை கண்டுபிடிக்க நான் ஒருத்திதான் கிடைத்தேன். டப்பா மூடி சரியாக மூடவில்லை, கதவு அரை அங்குலம் தொங்குகிறது, என் தையல் மெஷின் வழக்கத்துக்கு மேல் சத்தம் போடுகிறது. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்களுக்குப் பொழுது போகவில்லை என்றால் பீரோ மேலே இருப்பதை எல்லாம் இறக்கித் தூசி தட்டுங்கள் என்றேன். முதலில் இறங்கியது உன் நீளப் பெட்டி. திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். அந்த விமானத்தை நீ பகுதி நேர வேலை பார்த்து வாங்கி, ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒட்டி முடித்து, "வந்து ஒரு தடவை பாருங்கப்பா" என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டிருப்பாய். பொம்மை பறப்பதைப் பார்க்க எனக்கு நேரமில்லை என்பார். இப்போது நேரம்தான் நேரம். ஆனால் பார், நீ கோபத்தில் கிளம்பிய அவசரத்தில் விமானத்தை இங்கே விட்டுவிட்டு ரிமோட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாய். உடம்பு ஒரு ஊரில், மூளை ஒரு ஊரில். அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு, எதைச் செய்தாலும் பாதிதான்.

உன்னிடம் கேட்டால் ரிமோட்டை அனுப்பியிருப்பாய், அவருக்குக் கேட்க வாய் வர வேண்டுமே. புதிதாக ஒன்று வாங்கி வந்தார். புது ரிமோட் என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிசெய்ய வேண்டுமாம், எந்தக் குச்சியைத் தள்ளினால் எது அசைய வேண்டும் என்று ஒவ்வொன்றாக அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். சாப்பாட்டு மேஜை மூன்று வாரம் விமான நிலையமாகிவிட்டது, நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். எடை சமமாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு ஆள்காட்டி விரலையும் நீட்டச் சொல்லி இறக்கைக்கு அடியில் கொடுத்து விமானத்தை என் விரல் மேலேயே நிறுத்திவைத்து, பேட்டரியை ஒரு நூல் முன்னால் தள்ளுவார், ஒரு நூல் பின்னால் தள்ளுவார். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நான் சிலை மாதிரி நிற்கிறேன். வயிற்றுக்குள் இருக்கும் விசிறியை ஓட்டிப் பார்த்தபோது மேஜை மேல் இருந்த என் துணி வெட்டும் காகித அளவுகள் எல்லாம் வீடு முழுக்கப் பறந்தன, அவர் முகத்தில் வந்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும், எனக்குக் கல்யாணமான புதிதில் பார்த்தது. கோபம் பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் காகிதத்தைப் பொறுக்கியது யார் என்று கேட்காதே.

தப்பு நடந்தது அந்த மேஜையில்தான். மேஜை சுவரை ஒட்டிக் கிடக்கிறது, விமானத்தை வால் சுவர்ப்பக்கம் மூக்கு அவர் பக்கமாக வைத்திருந்தார். இறக்கையின் பின் ஓரத்தில் இரண்டு பக்கமும் அசையும் சின்னப் பலகை உண்டே, எந்தப் பக்கத்துப் பலகை எழும்புகிறதோ அந்தப் பக்கம் விமானம் சாயுமாம், அதை அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே சரிசெய்திருக்கிறார். எதிரே நிற்கிறவனுடைய வலது எனக்கு இடது என்பது துணி தைக்கிற எனக்குத் தெரியும், அது தெரியாமல் சட்டைப் பையை வைத்தால் துணி பாழ். முப்பத்தெட்டு வருஷம் பரிசோதனை செய்தவருக்குத் தெரியவில்லை. கடைசிச் சோதனை, தூரத்திலிருந்தும் ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்க, என்னைப் பால்கனியில் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, இவர் ரிமோட்டோடு மூன்று மாடி இறங்கித் தெருவைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு போனில் வலது, இடது என்று சொல்கிறார். நான் பின்னால் இருந்து பார்க்கிறேன், அவர் வலது என்றால் இடது பக்கத்துப் பலகை எழும்புகிறது. "அசையுதுங்க, ஆனா மாத்தி அசையுது" என்றேன். "உன்னை அபிப்பிராயம் கேட்கல, அசையுதா இல்லையான்னு மட்டும் சொல்லு" என்றார். அசையுது என்றேன். மேலே வந்து, சோதிக்க வேண்டியதை எல்லாம் இருபத்தேழு வரியாக எழுதி வைத்திருந்த தாளில் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் சரி என்று குறி போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஒரு தடவை விழட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஊருக்கு வெளியே மூடிப்போன செங்கல் சூளை மைதானம். அங்கே இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்கிறார்கள், எல்லாருக்கும் தலைவர் நம் தெருமுனைப் பல் டாக்டர், நாள் முழுக்க வாயைத் திற வாயைத் திற என்று கீழே பார்த்த கழுத்தை அங்கே வந்து நிமிர்த்திக்கொள்கிறாராம். உன் அப்பா இஸ்திரி போட்ட சட்டை. டாக்டரிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னார். எதுக்குங்க என்றேன், "சும்மா, யாராவது பார்க்கணும்னா" என்றார். இந்த உலகத்தில் அதைப் பார்க்க ஆசைப்படும் யாராவது யார் என்று நான் கேட்கவில்லை. விமானம் அவர்கள் போட்டு வைத்திருக்கும் தார் ஓடுபாதையில் ஓடிச் சர்ரென்று எழும்பியது, தம்பி, பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் எழும்பியது. காற்றில் லேசாக இடது பக்கம் சாய்ந்தது. நிமிர்த்த இவர் வலது தள்ளினார், அது இன்னும் இடது சாய்ந்தது. இன்னும் வலது தள்ளினார், அது குப்புறத் திரும்பித் தலைகீழாகத் தரையில் குத்தியது. எல்லாம் நாலு மூச்சு விடும் நேரம். உன் அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "உன் பிள்ளையோட விமானம் உன் பிள்ளை மாதிரியே, சொன்ன பேச்சு கேக்கல" என்றார்.

இரண்டு வருஷமாக எனக்குள் இருந்தது எல்லாம் அந்த மைதானத்தில் வந்துவிட்டது. அது சொன்ன பேச்சை அப்படியே கேட்டது, சொன்னதுதான் தலைகீழ் என்றேன். ஏழெட்டுப் பேர் முன்னால் சொன்னேன். டாக்டர் வேறு, ஆமாம் சார், எப்பவும் வாலுக்குப் பின்னால நின்னு பார்க்கணும் என்று ஒத்து ஊதினார். இவர் மண்டி போட்டு ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி இரண்டு கடைப் பையில் போட்டார், உதவிக்கு வந்த டாக்டரைத் தொடவிடவில்லை, இஸ்திரி சட்டை எல்லாம் செம்மண். நான் தள்ளி நின்று அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால்கனியிலேயே நான் இன்னொரு தடவை சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் விழுந்திருக்காது. அவர் வாங்கிக்கொடுத்த பம்பு கம்பெனி வேலையை நீ எட்டு மாதத்தில் உதறியபோது, போனால் என் முகத்தில் முழிக்காதே என்று அவர் கத்தினார், நீங்களாகக் கூப்பிடும்வரை உங்களோடு பேச மாட்டேன் என்று நீ கத்தினாய், அன்றைக்கும் நான் சமையலறை வாசலில் கரண்டியோடு வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்றுகொண்டு எது வலது எது இடது என்று கத்தினீர்கள், ஒருத்தனாவது மற்றவன் இருக்கும் பக்கம் வந்து நின்று பார்த்திருந்தால் தேவலை. நான் சொல்லியிருக்கணும். சொல்லவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது மேஜை ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. மூக்கை ஒட்டியாயிற்று, இடது இறக்கைக்குக் கட்டுப் போட்டாயிற்று, வெளியே நாலு தழும்பு தெரியும், பறக்குமாம். மேஜையைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டு, விமானத்தின் வால் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தாளில் இருபத்தெட்டாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார், நான் படித்தேன்: "வாலுக்குப் பின்னால் நின்று பார்க்கவும். வலது தள்ளினால் வலது பலகை மேலே." கொட்டை எழுத்து, சிவப்பு மை. டாக்டர் வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொடுத்துவிட்டும் போனார். ஆனாலும் வருகிற ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறுதான் பறக்கவிடுவேன் என்கிறார். எதற்கு அத்தனை நாள் என்றால், "செஞ்சவனுக்குத்தானே அதோட சூட்சுமம் தெரியும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார். சுவர் பதில் சொல்லாது என்று அவருக்கும் தெரியும்.

நீயும் இதைப் படித்துவிட்டு, அவர் முதலில் கூப்பிடட்டும் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. மருமகள் வந்து அடக்கட்டும் என்று பார்த்தால் அதற்கும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறாய், யார் சொன்னால்தான் கேட்பாய். நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணுக்குப் போட்ட கண்ணாடியைச் சட்டையில் துடைக்காதே, உனக்குத் தைத்து வைத்த இரண்டு சட்டை இங்கே மடித்தபடியே இருக்கிறது, தோள் அளவு மாறியிருந்தால் சொல். உடம்பும் மனசும் நன்றாக இருந்து, நினைத்தது கைகூடி, நூறு வயசு வாழ வேண்டும். வரும்போது ரிமோட்டை மறக்காதே.

உன் அன்பு
அம்மா

பின்குறிப்பு: கடிதத்தை மூடாமல் மேஜை மேல் வைத்துவிட்டுத் தபால் தலை வாங்கக் கடைக்குப் போனேன், வேண்டுமென்றே கொஞ்சம் சுற்றி நடந்து வந்தேன். திரும்பி வந்தால் தாளின் அடியில் சிவப்பு மையில் நாலு வரி. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அப்படியே அனுப்புகிறேன்.

வலது பக்கம் தள்ளினால் வலது இறக்கைப் பலகை மேலே போகணுமா, கீழே போகணுமா? எனக்குத் தெரியவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மைதானத்தில் இருப்பேன், போன் என் கையில்தான் இருக்கும்.