கோடு நடுங்கும் இடம்

மே 4

என்னங்க,

குட்டிக்குப் பல் விழுந்ததாக எழுதினீர்களே, எந்தப் பல் என்று எழுத வேண்டாமா? இதெல்லாம் ஒரு கடிதமா?

இங்கே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். குழந்தைகளுக்கான அந்த இருமல் மருந்தில் இருக்கக் கூடாத மாசு ஒன்று உண்டு. அது துளியூண்டு இருந்தாலும் எங்கள் குரோமட்டோகிராஃபி சோதனை அளந்துவிடும் என்று நான் காட்ட வேண்டும். வரைபடத்தில் மாசு எழுப்பும் முகடு, அந்தப் பீக், அடிக்கோட்டின் நடுக்கமான இரைச்சலைப் போலப் பத்து மடங்காவது உயர்ந்து நின்றால்தான் அந்த அளவை நம்பலாம். இதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த உங்களுக்குத் தெரியாததா?

ஆறு, ஏழு என்றே வந்துகொண்டிருந்தது. நேற்று பதினொன்று! "இது பாஸானா உன் ஊருக்கு மாற்றல் உனக்குத்தாம்மா" என்று மேலாளர் சொல்லிவிட்டார். பள்ளி திறப்பதற்குள் வந்துவிடுவேன். குட்டியிடம் சொல்லுங்கள்.

வரைபடத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். சும்மாதான்.

உங்கள் ராங்கிக்காரி

மே 11

ராங்கிக்காரிக்கு,

கீழ்வரிசை, இடது பக்க முன்பல். போதுமா?

குட்டி அலமாரியில் உனக்காக ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறாள். அவள் துணியெல்லாம் இப்போது என் சட்டைகள் மேல் கிடக்கிறது.

இதை எழுதாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. உன் பீக் வருவது எட்டாவது நிமிடத்தில். இரைச்சலை நீ அளந்திருப்பது இருபதாவது நிமிடத்தில். அங்கே கோடு தூங்குகிறது, அதனால்தான் பதினொன்று. பீக்குக்கு இரண்டு பக்கமும் பார், நடுங்குகிறது. அங்கே ஸ்கேல் வைத்து அளந்தால் ஆறுதான் வருகிறது. என் கைதான் சரியில்லையோ என்று மறுபடியும் அளந்தேன்.

நீ வர வேண்டும் என்று உன்னைவிட எனக்குத்தான் அவசரம். ஆனால் அந்த மருந்தை ஏதோ ஒரு வீட்டில் இன்னொரு குட்டி குடிக்கும். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. திட்டிக்கொள்.

உன் ஆமை

மே 19

என்னங்க,

திட்டினேன். கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு குப்பைக்கூடையிலிருந்து எடுத்து நீவி வைத்தேன்.

கை தவறி அந்த இடத்தில் அளக்கவில்லை. தேடித்தேடிப் பிடித்த இடம் அது. இங்கே யார் கண்ணிலும் பட்டிருக்காது, உங்கள் கண்ணில் படும் என்று தெரியும். தெரிந்துதான் நகலை அனுப்பினேன் போலிருக்கிறது. பார்த்தும் பேசாமல் இருந்துவிடுவீர்களோ என்று பயந்தேன். சொல்லிவிடுவீர்களோ என்றும் பயந்தேன்.

காலையில் மேலாளரிடம் உள்ளதைச் சொல்லி அறிக்கையைத் திரும்ப வாங்கினேன். "உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிட்டியேம்மா" என்றார். மாற்றல் வேறொருவருக்குப் போய்விட்டது. வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

குட்டியிடம் என்ன சொல்வது? கோபமாக இருந்தாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ரா.

மே 26

ராங்கிக்காரிக்கு,

சொன்னேன். அழுதாள். அப்புறம், "அப்ப நாம போலாம்பா" என்றாள். துணிகளை அந்தத் தட்டில் திருப்பி வைக்கவில்லை, பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் அங்கேயும் இருக்கும். எனக்கும் ஏதாவது வேலை கிடைக்காமலா போகும்?

உன் அறையில் மூன்று பேர் படுக்க இடம் இருக்குமா? இல்லாவிட்டாலும் வருகிறோம். வலது பக்கப் பல்லும் ஆடுகிறது. அது விழும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

ஆமை