ஒத்த ஓட்டு

என்னங்க,

கனடாவுல ஓட்டு போட்டுட்டு நீங்க அனுப்புன போட்டோவை பாப்பா உப்பளத்துக்கே எடுத்தாந்து காட்டினா. உப்பு வாருற பலகையோட நின்னு பார்த்தேன். "நாப்பது பேர் ஓட்டுல ஜெயிச்சவன் நூறு பேருக்கும் முடிவு பண்றது அநியாயம், அந்த முறையையே மாத்தப் போராடுறோம்"னு எழுதியிருந்தீங்க. நியாயம்தான்.

நேத்து ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்க அங்கன்வாடி டீச்சர் வந்தாங்க. ஆறு வருஷமா சொல்றதையே சொன்னேன்: "வந்துடுவாரு, பேரை எடுத்துடாதீங்க." பெருமையா அந்த போட்டோவையும் காட்டித் தொலைச்சேன்.

டீச்சர் என் முகத்தைப் பார்க்கவே இல்ல. "அக்கா, அந்த நாட்டுக் குடிமகன் ஆனவங்களுக்குத்தான் அங்க ஓட்டு. ஆயிட்டா இங்க கிடையாது"ன்னாங்க.

எப்ப ஆனீங்கன்னு நான் கேக்கல. உங்க பேரை நீக்க நானே கையெழுத்து போட்டேன். உப்புல வெடிச்ச விரலு, பேனா பிடிக்கையில எரிஞ்சுது. அவ்வளவுதான்.

நம்ம வீட்ல மூணு பேரு. நானும் பாப்பாவும் வந்துடுங்கன்னுதான் சொன்னோம். உங்க ஒத்த ஓட்டுலயே நீங்க ஜெயிச்சிட்டீங்க. இந்த முறையை மாத்த அங்க யாராவது போராடுறாங்களா?

இப்படிக்கு,
இந்த வீட்டு லிஸ்ட்டுல மிச்சம் இருக்கிறவ