எலும்புத்தூளும் எலும்பு ஊசியும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கப்பா சுகம். தையல் மெஷினும் சுகம், ஓட்டத்தான் ஆள் இல்லை. போன் கேமரா கெட்டுப்போச்சு என்று அப்பா உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாரே, அதற்கு ஒரு கேடும் இல்லை. என் வாயை நீ பார்க்க வேண்டாம் என்று நான்தான் சொல்லச் சொன்னேன்.

மேல்வரிசை முன்பல்லில் சீழ் கட்டியதும், வேர் சிகிச்சை செய்தும் அடங்காததும் உனக்குத் தெரியும். நூலைக் கடித்துக் கடித்தே பல்லைக் கெடுத்தாய் என்று நீகூடத் திட்டினாய். பல் டாக்டர் ஈறைக் கீறி, வேரின் நுனியை வெட்டியெடுத்து, உள்ளே அழுகியதைச் சுரண்டினார். எலும்பில் பட்டாணி அளவுக்குப் பள்ளமாம். அதில் வெள்ளையாக எலும்புத்தூளை நிரப்பி, மேலே மெல்லிய சவ்வு ஒன்றை லைனிங் துணி மாதிரி விரித்து, ஈறை இழுத்துத் தைத்தார். தூளைப் பிடித்துக்கொண்டு நம் எலும்பே வளர்ந்து பள்ளத்தை மூடிவிடும் என்றார். யாரோட எலும்பு டாக்டர் இது என்று கேட்டேன், மாட்டோடதும்மா, சுத்தம் பண்ணினது என்றார். உங்கப்பா சும்மா இருப்பாரா, இனிமே என்னை முட்டாம இருந்தாச் சரி என்றார். அன்றைக்குச் சிரித்தோம். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தையலைப் பார்த்தேன், குறை சொல்ல முடியாத கை, என் கடையிலேயே வேலைக்குச் சேர்த்துக்கொள்வேன்.

தையல் பிரித்த பிறகுதான் வினை. ஈறு ஒட்டவில்லை. தூள் மணிமணியாக நாக்கில் உதிர்ந்தது. அப்புறம் ஈறு விலகி, உள்ளே எலும்பு மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தது. நாற்றம் எனக்கே பொறுக்கவில்லை. உங்கப்பாவுக்கு முதுகைக் காட்டிப் படுக்கிறேன், அவர் எழுந்து சுற்றிவந்து இந்தப் பக்கம் படுக்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த லேடி டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததுமே, எலும்புக்கு ஏதாச்சும் ஊசி போட்டுக்கறீங்களாம்மா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு மணிக்கட்டு ஒடிந்தபோது நீ ஏற்பாடு செய்தாயே, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அதுதான். உடம்பு எலும்பை எல்லாம் கெட்டிப்படுத்தும் அந்த ஊசி, தாடையில் காயம் பட்டால் மட்டும் சிலருக்கு ஆறவிடாதாம். பல் டாக்டர் முதல் நாளே கேட்டார், என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க என்று. ஒண்ணுகூடக் கிடையாது டாக்டர் என்று உங்கப்பா பெருமையாகச் சொன்னார், நானும் தலையாட்டினேன். மாத்திரை என்றால் தினமும் விழுங்குவது என்றே எங்களுக்கு நினைப்பு. பல் டாக்டரும் ஊசி உண்டா என்று கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, நான்தானே அந்த ஊசியைப் போடவைத்தேன் என்று தலையில் கைவைத்து உட்காராதே. அது இல்லாவிட்டால் இடுப்பும் ஒடிந்திருக்கும் என்று அந்த டாக்டரே சொன்னார். ஏற்கெனவே வீட்டில் ஒருத்தர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் குடிக்கும் கஞ்சியைத்தான் அவரும் குடிக்கிறார். பல் இருக்கிற மனுஷன் கடித்துத் தின்னுங்கள் என்று கத்திப் பார்த்தேன், கேட்கவில்லை.

இனி விஷயம். செத்துப்போன எலும்பை, மேல்வரிசை முன்பற்களோடும் அண்ணத்தில் ஒரு துண்டோடும் அறுத்தெடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பரவுமாம். ஓட்டையை அடைக்கத் தகடு செய்து தருவார்கள். ஆனாலும் காற்று மூக்கு வழியாகப் போய் பேச்சு குழறலாம், பழகப் பழகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். எப்படித்தான் இருக்கும் என்று தனியாக இருந்தபோது மூக்கால் பேசிப் பார்த்தேன். பாப்பா என்று வரவில்லை. மாம்மா என்றுதான் வந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது.

குழந்தையை எந்த டாக்டரிடம் காட்டினாலும் ஊசி, சொட்டு மருந்து எதையும் விடாமல் சொல். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். உன்னிடம் இதுவரை வா என்று நான் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். அறுப்பதற்கு முன்னால் வந்துவிடு. அழைப்புமணியை அடிக்காமல் கதவுக்கு வெளியே நில், நான் உள்ளேயிருந்து உன்னை ஒரு தடவை சரியாகக் கூப்பிட்டுவிடுகிறேன்.

உன் அம்மா