பூசத்தில் மாறிப்போன உன் குடம்

என் ஆசை அக்கா,

உன் வருசத் திதி முடிந்து வந்த முதல் பூசம் இது. உன் பித்தளைக் குடத்தில் பால் நிரப்பி, மஞ்சள் துணி கட்டி, உனக்குப் பதிலாக நான் தூக்கினேன். மலைப்படி ஏறும்போது முட்டி விண்விண் என்று வலித்தது. ஆனாலும் முருகனுக்குப் பால் சேர்ந்துவிட்டது, கவலைப்படாதே.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தப்பு தெரிந்தது. மலைமேல் காலிக் குடங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் மஞ்சள் துணி. கண் நிறைய தண்ணீரோடு நின்ற நான், யாருடைய குடத்தையோ எடுத்து வந்துவிட்டேன்.

உன் மகள் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். "சின்னம்மா, இது புதுசு லா! நல்ல கனம். அம்மாவோடது தகரம் மாதிரி இருக்கும். பேசாம வெச்சுக்குங்க."

அவள் சொன்னது நியாயம்தான். நானே உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன், வேறு வாங்கு என்று. "என் கைக்கு இதுதான் படிஞ்சிருக்கு, போடி" என்பாய். இப்போது நல்ல குடம் சாமி மேடையில் இருக்கிறது, எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் இருந்தபோது உன் குடமும் பத்தோடு ஒன்றாகத்தானே இருந்திருக்கும்? எந்த நாளில் அக்கா ஒரு பொருள் நம்முடையதாக ஆகிறது?

அந்தக் குடத்தின் அடியில் பெயர் வெட்டியிருந்தது. சரோஜா, பாகான் டாலாம். நாலாம் நாள் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போனேன். பசாரில் மீன்காரரிடம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குடத்தைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வந்துட்டியாடி!" என்று குடத்திடம்தான் கேட்டாள். அப்புறம்தான், "உள்ள வாங்கக்கா. உங்க குடத்துல பேரே இல்ல, நான் எங்க போய்த் தேடுவேன்?"

உன் குடத்தைக் கொண்டுவந்தாள். புளி போட்டுத் தேய்த்ததில் தங்கம் மாதிரி மின்னியது.

"வயித்துல பெரிய சொட்டைக்கா. யாரு குடமோ, பாவம்னு பட்டறையில கொடுத்துத் தட்டி எடுத்துட்டேன். இப்ப தெரியுதா பாருங்க?"

தெரியவில்லை அக்கா. நீ படியில் விழுந்த வருசம் விழுந்த சொட்டை அது. அதற்குப் பிறகு தலையில் தூக்கும்போதெல்லாம் உன் வலது கை அந்தக் குழியில்தான் பிடிக்கும். வழுக்காது என்பாய்.

நல்ல மனசோடு செய்தவளிடம் சண்டையா போடுவது? "ரொம்ப நன்றிம்மா" என்றேன். காப்பி கொடுத்தாள், குடித்தேன். திரும்பும்போது ஃபெரியில் குடத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். உன் கை இருந்த இடம் எங்கேயும் அகப்படவில்லை.

ஆனாலும் இதை யாருக்கும் கொடுக்கமாட்டேன். அடுத்த பூசத்துக்கும் இதைத்தான் தூக்குவேன், கால் ஓயும் வரைக்கும் தூக்குவேன். முதலில் வழுக்கத்தான் செய்யும். வழுக்கட்டும். என் கையும் மெல்ல மெல்ல அதில் ஒரு இடம் தேடிக்கொள்ளும்.

இன்னும் உனக்குப் பின்னாலேயே படியேறும்
உன் தங்கச்சி கமலா